பீரோ கதவில் ஒரு வசனம்

டிசம்பர் 31 இரவு பதினொன்றரை மணிக்குத் திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கம் எந்தக் கிறிஸ்தவ ஊருக்குள் போனாலும் ஆலயத்தில் நிற்க இடம் கிடைக்காது. பன்னிரண்டு அடித்து, மணி ஒலித்து, கைகுலுக்கல்கள் முடிந்ததும் வாசல் பக்கம் ஒரு தட்டு வரும். தட்டு நிறையக் கவிழ்த்துப் போட்ட சின்னச் சின்ன அட்டைகள். வரிசையில் வருகிறவர்கள் ஒரு நொடி கண்ணை மூடி, வாய்க்குள் ஜெபித்துவிட்டு ஒன்றை எடுப்பார்கள். அதுதான் வாக்குத்தத்த அட்டை. வேதாகமத்திலிருந்து எடுத்த ஒரே ஒரு வசனம் அதில் அச்சாகியிருக்கும். "உனக்கு என்ன வந்திருக்கு?" என்று பிள்ளைகள் ஒருவர் அட்டையை ஒருவர் எட்டிப் பார்ப்பார்கள். பாட்டிமார் மூக்குக் கண்ணாடியைத் தேடுவார்கள்; அதற்குள் பேத்தி வாசித்துச் சொல்லிவிடுவாள்.

அந்த அட்டை வீட்டுக்குப் போய்ப் பீரோ கதவின் உள்பக்கம் செல்லோடேப்பால் ஒட்டப்படும். பக்கத்தில் போன ஆண்டின் அட்டை, அதற்கு முந்தைய ஆண்டின் அட்டை, ஓரம் மடங்கி மஞ்சளடித்துப்போன இன்னும் பழைய அட்டைகள். மகன் வேலை தேடி அலைந்த ஆண்டு எது, வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் நடந்த ஆண்டு எது, பேரன் பிறந்த ஆண்டு எது என்று அந்தக் கதவைப் பார்த்தே சொல்லும் தாய்மார்கள் இருக்கிறார்கள்.

இதை வெறும் வழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. அறுவை சிகிச்சைக்கு அழைத்துப் போகும் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி 23-ஆம் சங்கீதத்தை முணுமுணுக்கிறவர்களை எந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலும் பார்க்கலாம். தேர்வு அறைக்குள் நுழையும் முன் ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்த ஒரு வசனத்தைச் சொல்லிக்கொள்ளாத பிள்ளை அந்த ஊர்களில் குறைவு. கடைப் பலகைகளிலும் வீட்டு முகப்புகளிலும் எபெனேசர், பெத்தேல், யெகோவாயீரே என்ற பெயர்கள். அவை ஒவ்வொன்றும் ஒரு வேதப் பகுதியின் சுருக்கம். துன்பம் வரும்போது கைக்கு அடக்கமான ஒரு வாசகத்தைப் பற்றிக்கொள்வது தமிழருக்குப் புதிதல்ல. 'இடுக்கண் அழியாமை' என்று ஒரு முழு அதிகாரத்தையே வள்ளுவர் வைத்திருக்கிறார். பள்ளியில் படித்த அந்தக் குறள்கள் ஐம்பது வயதில் ஏதோ ஒரு கெட்ட நாளில் தாமாக நினைவுக்கு வருவது பலருக்கும் தெரிந்த அனுபவம்.

வசனத்தை உடலோடு சுமந்து திரிவதற்கு இன்னும் நீண்ட வயது உண்டு. 1979-இல் எருசலேமில் கெதேப் இன்னோம் என்ற இடத்துப் பழைய கல்லறைகளைத் தோண்டியபோது, விரல் நுனியளவு சுருட்டிய இரண்டு வெள்ளித் தகடுகள் கிடைத்தன. அவற்றைச் சேதமில்லாமல் விரிக்கவே ஆண்டுக்கணக்கில் பிடித்தது. விரித்தபோது, எண்ணாகமம் 6-ஆம் அதிகாரத்தில் வரும் ஆசாரியரின் ஆசீர்வாத வார்த்தைகள் கீறப்பட்டிருந்தன. ஏறத்தாழ 2,600 ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் அதைத் தாயத்துபோல அணிந்திருக்கிறார். பீரோ கதவு அட்டையின் மூதாதை அது என்று சொன்னால் மிகையாகாது.

குலுக்கலில் வசனம் எடுக்கும் பழக்கத்துக்கும் ஒரு பழைய வீடு உண்டு. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரில் 1728 மே மாதம், சின்சென்டார்ஃப் என்ற பிரபு மாலைக் கூட்டத்தில் ஒரு வாசகத்தை மறுநாளுக்கென்று கொடுத்தார். அது வீடு வீடாகக் கொண்டுபோகப்பட்டது. 1731 முதல் ஆண்டு முழுவதற்குமான வசனங்கள் புத்தகமாகவே வந்தன. இன்றும் அங்கே பாத்திரத்திலிருந்து சீட்டு எடுத்துத்தான் பழைய ஏற்பாட்டு வசனங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தச் சின்சென்டார்ஃப், ஹாலே நகரப் பள்ளியில் தரங்கம்பாடி மிஷனின் செய்திகளைக் கேட்டு வளர்ந்தவர். அவருடைய சபையாரில் சிலர் 1760-இல் தரங்கம்பாடிக்கே வந்து தோட்டம் அமைத்துக் குடியிருந்தார்கள்.

இவ்வளவு நெடிய பழக்கத்தில் உண்மையான பலம் இல்லாமல் இருக்காது. ஆனால் அட்டையில் அச்சாகும்போது வசனம் எதை இழக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பவுல் பிலிப்பி சபைக்கு எழுதியபோது அந்தக் கடிதத்தில் நான்காம் அதிகாரம் என்று ஒன்றில்லை, எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு என்று அட்டையில் வரும் பதின்மூன்றாம் வசனமும் இல்லை. அதிகாரப் பிரிவுகள் 13-ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் என்ற பேராயரின் காலத்தில் நிலைபெற்றவை. புதிய ஏற்பாட்டுக்கு இன்றைய வசன எண்களைக் கொடுத்தவர் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகர்; ஆண்டு 1551. தேடி எடுக்க வசதியாகப் போட்ட எண்கள், நாளடைவில் வெட்டி எடுக்கவும் வசதியாகிவிட்டன. வெட்டி எடுத்த துண்டில் சொன்னவர் யார், கேட்டவர் யார், எந்த நிலைமையில் என்பது நிற்பதில்லை. அந்த நிலைமையில்தான் வசனத்தின் பாதி பலம் இருக்கிறது.

வாக்குத்தத்த அட்டைகளில் அடிக்கடி வரும் ஒன்று எரேமியா 29:11. தேவன் உங்களுக்காக வைத்திருக்கும் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்ற பொருளில் வருவது. திருமண அழைப்பிதழிலும் அது உண்டு, வேலை கிடைத்த பையனின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் உண்டு. அதை முதலில் கேட்டவர்கள் யார்? பொது யுகத்துக்கு முன் 597-இல் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து பிடித்துக்கொண்டுபோன மக்கள். ஊரை, வீட்டை, ஆலயத்தை விட்டு, மொழி தெரியாத பாபிலோனில் இருந்தவர்கள். எருசலேமில் எஞ்சியிருந்த எரேமியா அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். பாபிலோன் அரசனிடம் போகும் தூதர்கள் இருவர் கையில் அதைக் கொடுத்தனுப்புகிறார்.

அதற்கு முந்தைய அதிகாரத்தைப் படித்தால்தான் அந்தக் கடிதத்தின் சூடு தெரியும். அனனியா என்ற ஒரு தீர்க்கதரிசி எருசலேம் ஆலயத்தில் எல்லோர் முன்பாகவும் நின்று, இரண்டே ஆண்டில் எல்லாம் சரியாகிவிடும், கொண்டுபோன பாத்திரங்களும் மக்களும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று அறிவிக்கிறான். எரேமியாவின் கழுத்தில் கிடந்த மர நுகத்தையும் உடைத்துப் போடுகிறான். கேட்ட கூட்டம் எவ்வளவு மகிழ்ந்திருக்கும்! இரண்டு ஆண்டு என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாமே. எரேமியாவும் முதலில் 'ஆமென், அப்படியே ஆகட்டும்' என்றுதான் சொல்கிறார். ஆனால் அவர் கடிதம் சொன்ன கணக்கு வேறு. எழுபது ஆண்டு. வீடு கட்டிக்கொள்ளுங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்த ஊரின் நன்மைக்காகவும் ஜெபியுங்கள் என்கிறது அது. இத்தனைக்கும் பிறகுதான் அட்டையில் வரும் அந்த வாக்கியம்.

கடிதத்தை வாசிக்கக் கேட்ட நாற்பது வயதுக்காரர் ஒருவருக்குத் தான் ஊர் திரும்பப் போவதில்லை என்பது அந்த நிமிடமே புரிந்திருக்கும். அவருக்கும் அந்த வாக்குத்தத்தம் உண்டு. அவர் நடும் மரத்தின் நிழலில் உட்காரப்போகும் பேரனுக்கும் உண்டு. ஆறு மாதத்தில் கடன் தீரும், அடுத்த இன்டர்வியூவில் வேலை கிடைக்கும் என்று அந்த அட்டையைப் படிக்கிற குடும்பம், மார்ச் மாதம் ஒன்றும் நடக்காதபோது சோர்ந்துபோகிறது. வசனம் பொய்த்துவிட்டதோ, தன் விசுவாசம்தான் போதவில்லையோ என்று தன்னையே கேட்டுக்கொள்கிறது. முழுக் கடிதத்தையும் படித்த குடும்பத்துக்கு அந்தக் கலக்கம் குறைவு. காத்திருக்கும் காலத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதும் அதே கடிதத்தில் இருக்கிறது: தோட்டம் போட வேண்டும்.

புலம்பல் புத்தகத்தின் மூன்றாம் அதிகாரமும் அப்படித்தான். தேவனுடைய இரக்கங்கள் காலைதோறும் புதிதாகின்றன என்ற பொருள்தரும் வாசகம் வசனக் காலண்டர்கள் பலவற்றிலும் ஒருநாளாவது இடம்பெறும். பெரும்பாலும் சூரியோதயப் படத்தோடு. அது எழுதப்பட்ட இடத்தில் அழகான சூரியோதயம் ஏதும் இல்லை. எருசலேம் எரிந்து கிடக்கிறது, பசியில் பிள்ளைகள் தெருவில் விழுகிறார்கள். அதே அதிகாரத்தின் முற்பகுதியில், கற்களைக் கடித்துப் பல் நொறுங்கியவனாகத் தன்னைச் சொல்லிக்கொள்கிறான் கவிஞன். அந்தக் கவிதை எபிரெய எழுத்துகள் இருபத்திரண்டின் வரிசையில், நம் ஆத்திசூடி அ, ஆ, இ என்று போவதுபோல, எழுத்துக்கு மூன்று வரியாக அறுபத்தாறு வரிகள் போகிறது. ஊரே இடிந்து கிடக்கையில் ஒருவன் அகர வரிசை பிடித்து அழுகிறான். அழுகைக்கு ஒரு ஒழுங்கு கொடுத்தால்தான் தாங்க முடியும் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அந்த வரிசையில் நடந்து சற்றுத் தூரம் வந்த பிறகுதான் காலைதோறும் புதிதாகும் இரக்கத்தைச் சொல்கிறான். அதற்குப் பிறகும் அழுகை தொடர்கிறது. இதைத் தெரிந்துகொண்டு அந்தக் காலண்டர் தாளைக் கிழிக்கிறவருக்கு அது வேறு வாசகம்.

சங்கீதப் புத்தகத்திலும் எல்லாப் பாட்டும் வெளிச்சத்தில் முடிவதில்லை. 88-ஆம் சங்கீதம் இருட்டிலேயே முடிகிறது. ஜெபித்தும் விடியாத இரவுகள் உள்ளவர்களுக்காக அதைத் தொகுத்தவர்கள் அப்படியே விட்டு வைத்தார்கள். அது எந்த அட்டையிலும் அச்சாகாதது ஒரு குறைதான்.

தமிழில் இந்தச் சங்கீதங்கள் வந்த வழியும் எளிதானதல்ல. மிஷனரி சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கி, 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சில் முடித்தார். பழைய ஏற்பாட்டில் ரூத் வரைக்கும்தான் அவரால் வர முடிந்தது. 36 வயதில் இறந்துவிட்டார். பிறகு சென்னை வேப்பேரியில் இருந்துகொண்டு பல்லாண்டு உழைத்து மொழிபெயர்த்தவர் பப்ரிசியஸ். அவர் கடைசிக் காலத்தில் கடனுக்காகச் சிறையிலும் இருக்க நேர்ந்தது. அவருடைய பழைய ஏற்பாடு 1796-இல் முழுதாக அச்சேறியபோது அவர் உயிரோடில்லை. 1871-இல் பவர் என்ற மிஷனரியின் குழுவினர் வெளியிட்ட திருத்தமும், இன்று பாட்டிமார் வாயில் சரளமாக வரும் பழைய திருப்புதலும் அவருடைய நடையின் வாரிசுகள். கடன்காரர்களுக்குப் பயந்து தூக்கம் கெட்ட மனிதர் ஒருவர் தேடிப் பிடித்த தமிழ்ச் சொற்களை வைத்துத்தான், கடனில் தூக்கம் கெட்ட இன்னொருவர் இன்று ஜெபிக்கிறார்.

வலியில் இருக்கிறவருக்கு வலியில் இருந்தவர் சொன்னால்தான் கேட்கும் என்பதை நெல்லைச் சீமையில் தெளிவாக எழுதி வைத்தவர் ஏமி கார்மைக்கேல். 1895-இல் இந்தியா வந்தவர், 1901 முதல் டோனாவூரில் ஆதரவற்ற குழந்தைகளை வளர்த்தார். 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்வையிடப் போனபோது, அந்தி இருட்டில் குழி ஒன்று தெரியாமல் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அதன் பின் 1951-இல் இறக்கும் வரை, ஏறக்குறைய இருபது ஆண்டு, பெரும்பாலும் ஒரே அறையில் ஒரே கட்டிலில். அங்கிருந்தே எழுதினார். 1933-இல் வந்த 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' நோயாளிகளுக்காக அவர் எழுதிய கடிதங்களின் தொகுப்பு. படுக்கையில் கிடப்பவர்களுக்கென்று சுகமாயிருப்பவர்கள் எழுதியனுப்பும் ஆறுதல் பிரசுரங்கள் தனக்கு உதவவில்லை என்பதை அதில் ஒளிக்காமல் சொல்கிறார். அவருடைய விசுவாசத்தைக் குறைசொல்ல யாருக்கும் துணிவு வராது. அவரே இப்படிச் சொல்லியிருப்பது, நோயாளியைப் பார்க்கப் போகும் ஒவ்வொருவரும் கவனிக்க வேண்டிய விஷயம்.

ஏனென்றால் வசனத்தால் காயப்படுத்தவும் முடியும். துக்க வீட்டில், குழந்தையைப் பறிகொடுத்த தாயின் அருகே உட்கார்ந்து, எல்லாம் நன்மைக்கே நடக்கிறது என்ற கருத்தில் ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டு எழுந்து போகிறார்கள். கணவனிடம் அடி வாங்கிவிட்டு வந்து நிற்கும் பெண்ணிடம் பொறுமையைப் பற்றிய வசனம். மன அழுத்தத்தில் மாதக்கணக்கில் தூக்கமில்லாதவரிடம் கவலைப்படாதே என்ற வசனம். கூடவே விசுவாசம் போதவில்லை என்ற குறிப்பு. சொல்கிறவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் கேட்கிறவருக்கு ஏற்கெனவே இருக்கும் சுமையோடு குற்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது. இதை வேதாகமமே கண்டித்திருக்கிறது. மனம் நொந்தவனிடம் பாட்டுப் பாடுவது குளிர்காலத்தில் ஒருவனுடைய மேலாடையை உரிப்பதற்குச் சமம் என்கிறது நீதிமொழிகள் 25-ஆம் அதிகாரம். உடுப்பும் உணவும் இல்லாதவனிடம் ஒன்றும் கொடுக்காமல் சுகமாகப் போய் வா என்று சொல்வதால் என்ன பிரயோஜனம் என்று யாக்கோபு கேட்கிறார். யோபின் நண்பர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் செய்ததில் தவறே இல்லை.

சோர்ந்த மனிதனுக்கு எது முதலில் என்பதற்கு எலியாவின் கதையைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. கர்மேல் மலையில் பெரிய வெற்றி கண்டவன், யேசபேல் அரசியின் ஒரு மிரட்டலில் உடைந்து, வனாந்தரத்தில் சூரைச்செடியின் கீழ் விழுந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டுவிட்டுத் தூங்கிப்போகிறான். வந்த தூதன் அவனை அதட்டவில்லை, பிரசங்கம் செய்யவும் இல்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடி தூங்குகிறான். இரண்டாம் முறையும் எழுப்பி, பயணம் தூரம் என்று சொல்லி, மறுபடியும் சாப்பாடு. மெல்லிய சத்தத்தில் தேவன் அவனோடு பேசுவது அதற்கு நாற்பது நாள் கழித்து, ஓரேப் மலையில். அடை, தூக்கம், மறுபடி அடை, பிறகு நடை, அதற்கப்புறம்தான் வார்த்தை. மனநல மருத்துவரிடம் போவது அவிசுவாசம் என்று நினைக்கும் குடும்பங்களில் 1 இராஜாக்கள் 19-ஐ உரக்க வாசிக்க வேண்டும். பவுலோடு கடைசிவரை இருந்த லூக்கா ஒரு வைத்தியர் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

இப்படியெல்லாம் சொன்னால், சூழலைப் படிக்காத சாதாரண விசுவாசிக்குத் திடீரென்று கண்ணில் படும் ஒரு வசனம் பேசவே பேசாதா என்று ஒருவர் கேட்கக்கூடும். பேசும். டீட்ரிக் போன்ஹோபர் 1939 ஜூன் மாதம் ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து நியூயார்க் வந்து சேர்ந்தார். பாதுகாப்பு, வேலை, நண்பர்கள் எல்லாம் அங்கே தயாராக இருந்தன. ஆனால் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜூன் 26 அன்று 2 தீமோத்தேயு 4-ஆம் அதிகாரத்தில், குளிர்காலத்துக்கு முன் வந்து சேரும்படி பவுல் கேட்கும் வரி அவர் கண்ணில் பட்டது. அது தீமோத்தேயுவுக்கு எழுதியது என்று அவருக்குத் தெரியாதா? அவர் இறையியல் அறிஞர். அந்த வரியைத் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்வது வேதத்தைத் தவறாகப் பயன்படுத்துவதாகாது என்று நாட்குறிப்பில் எழுதினார். ஜூலையில் கப்பலேறினார். செப்டம்பரில் போர் தொடங்கியது. 1943-இல் கைதாகி, 1945 ஏப்ரல் 9 அன்று பிளோசன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார்.

அந்த வரி போன்ஹோபருக்குக் கொடுத்தது பாதுகாப்பை விட்டு எழுந்து போகும் தைரியத்தை. அது எங்கிருந்து வந்த வரி என்பது அவர் மனதில் இருந்தது: சிறையில் இருந்த ஒரு கிழவர், குளிர் வருகிறது என்று தன் மேலங்கியையும் புத்தகங்களையும் கொண்டுவரச் சொல்லி, நண்பனுக்காக ஏங்கி எழுதிய வரி. ஹெர்ன்ஹூட்டின் தினவசனப் புத்தகத்தை அவர் நாள்தோறும் படித்தார்; சிறையிலும் படித்தார். நாள்தோறும் முழு அதிகாரங்களோடு பழகிய ஒருவருக்கு ஒற்றை வரி ஒருநாள் தனியே எழுந்து வந்து பேசுவது, ஆண்டுக்கு ஒரு தடவை தட்டில் கைவிட்டு எடுப்பதைப் போன்றதல்ல.

வாக்குத்தத்த அட்டையை நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டாம். புத்தாண்டு நள்ளிரவில் அந்தத் தட்டின் முன் நிற்கும் முகங்களைப் பார்த்தவருக்கு அப்படிச் சொல்ல மனம் வராது. சபைகளும் அச்சகங்களும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அட்டையின் பின்பக்கம் பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கிறது, அல்லது சபையின் பெயரும் ஆராதனை நேரமும் இருக்கின்றன. அங்கே இரண்டு மூன்று வரி போதும். எபெனேசர் என்ற வார்த்தை வந்தால், இது சாமுவேல் நாட்டிய உதவிக் கல், முன்பு இஸ்ரவேலர் தோற்று உடன்படிக்கைப் பெட்டியையே பறிகொடுத்த போரோடும் இதே பெயர் சேர்ந்து வருகிறது என்று. பிலிப்பியர் 4:13 வந்தால், பவுல் சிறையிலிருந்து எழுதியது, முந்தைய வசனத்தில் பட்டினி கிடக்கவும் கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார் என்று. எரேமியா 29:11 வந்தால், பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு அனுப்பிய கடிதம், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்ற வரிகளுக்குப் பின் வருவது, எழுபது ஆண்டு என்று அதிலேயே சொல்லியிருக்கிறது என்று.

வரும் டிசம்பர் 31 இரவுக்கு இதை அச்சடிக்க அதிகச் செலவாகாது. பாட்டி மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே பேத்தி முன்பக்கத்தை வாசித்துக் காட்டிவிட்டு, அட்டையைத் திருப்புவாள்.